முப்பது பாகை

உவர்மலைக் கந்தோரில் மூன்று பேர் இருந்தார்கள்.
மின்விசிறி நாலாவது.
"பதினேழு வருஷம் பொறியியல் படையணி.
அனுபவத்தைச் சொல்லுங்க, மிஸ்டர் நிஸ்தார்."
பாலம் ஒன்பது என்றேன்.
கிணறு, கக்கூஸ், ஹெலி இறங்கும் தளம்.
ஓரிரவில் பொருத்திய பாலத்தைச் சொன்னேன்;
பதினொரு நிமிஷத்தில் உடைத்த பாலத்தை
அவர்கள் கேட்கவில்லை.
கிருதா நரைத்தவர் பேனையை மூடி,
"குழாய் பதிக்கத் தெரியுமா?" என்றார்.
நிலத்துக்குள் ஒன்றை வைத்து
மேலே மண்ணை மூடி
அடையாளம் தெரியாமல் தட்டிவிட...
தெரியும் சேர், என்றேன்.

நீர்வழங்கல் சபை நீல ரீசேட் தந்தது.
சப்பாத்தைக் கழற்றியும்
கால் சப்பாத்தாகவே நடந்தது.
போர்மன் கோணாமலை வரும்போதெல்லாம்
எழும்பி நின்றேன்.
"இரும் ஐசே, நான் என்ன பிரிகேடியரா?"
வெற்றிலையை மற்றக் கன்னத்துக்கு மாற்றினார்.
பஸ் நிலையத்தடியில் ஒழுகும் வால்வில்
மான்கள் வந்து வாய் வைக்கும்.
மானை விரட்டி நட்டை முறுக்குவது:
முதல் மாதம் என் வேலை அவ்வளவுதான்.
"இதுக்கா ரெண்டு மெடல்?" என்றாள் ஸுஹைறா.
மெடல்களைத் தையல் பெட்டியில்
ஊசிகளோடு வைத்திருக்கிறாள்.

கிண்ணியாப் பாலத்தை லொறியில் கடக்கும்போது
இப்போதும் எடை எண்ணுகிறேன்.
ஐஸ் லொறி, பள்ளிக்கூட வான், மாடு ஏற்றிய கென்ரர்.
தாங்கும். எல்லாம் தாங்கும்.

பிறகு, சம்பூர்ப் பக்கம் ஒரு ஒழுங்கை.
புது வீட்டு இணைப்பு.
வளவு முழுக்கப் பச்சை, ஆனால் நிலத்தில் ஒன்றுமில்லை:
பெயின்ற் வாளியில் கத்தரி,
எண்ணெய்த் தகரத்தில் கறிவேப்பிலை,
தார்ப் பீப்பாவில் ஒரு முருங்கை
கூன் விழுந்து நின்றது.
தண்ணி இல்லாத ஊர், அதனாலாக்கும் என்று நினைத்தேன்.

அலவாங்கு எதிலோ பட்டு ணங் என்றது.
எனக்கு முதல் என் வாய் கத்தியது,
சிங்களத்தில்.
பெடியன்கள் உறைந்தார்கள்.
நான் குப்புறக் கிடந்தேன், கன்னம் மண்ணில்,
பேனாக்கத்தி முப்பது பாகை,
இரண்டு விரல் இடைவெளி,
மூச்சு அதற்கும் குறைவு.
எடுத்தது:
மா அரிக்கும் அரிதட்டு. வளையம் மட்டும்.

பெடியன்கள் வயிறு பிடித்துச் சிரித்தார்கள்.
வீட்டுக்காரி சிரிக்கவில்லை.
வாளிகளுக்கு நடுவில் நின்று என்னையே பார்த்தா.
"நீங்க ஆமியில இருந்தனீங்களோ?"
முழங்கையெல்லாம் மண். பொய் சொல்லும் கோலமில்லை.
"ஓம் அக்கா."
வளையத்தை வாங்கிச் சட்டையில் துடைத்தா.
கனநேரம் துடைத்தா.
"மற்றப் பக்கத்தையும் உப்பிடி
ஒருக்காப் பார்க்கேலுமோ?"
வெடி அகற்றிய சான்றிதழ் தந்திருப்பாங்களே, என்றேன்.
"கடதாசி இருக்குது.
கடதாசியில வேர் ஓடுமோ?"

சனிக்கிழமை என் மோட்டசைக்கிளில் போனேன்.
நூல் கட்டி, முழம் முழமாக,
காலை ஏழிலிருந்து லுஹர் நேரம் வரை.
இரண்டு ஆணி, ஒரு சோடா மூடி,
என்னவென்று தெரியாத தகரத் துண்டு.
"ஒண்டுமில்லை" என்றேன்.
"ஒண்டுமில்லையோ?"
மூன்று தரம் கேட்டா.
மூன்று தரமும் வளவின் நடுவில்
நடந்து காட்டினேன், வெறுங்காலோடு.

ஒரு தேசிக்கன்றை மட்டும் நிலத்தில் இறக்கினா.
முருங்கையைக் கேட்டேன்.
"அது நிக்கட்டும்," என்றா. "பார்ப்பம்."

திங்கள் குழாயைத் திறந்தோம்.
முதலில் காற்று, பிறகு துரு, பிறகு தண்ணீர்.
மீற்றர் அசைந்ததைக் குறித்துக்கொண்டு
பாரத்தில் கையொப்பம் போட்டேன்.
பதவி என்ற கட்டத்தில்
சார்ஜ என்று தொடங்கி
வெட்டினேன்.